எர்மெலிந்தா வண்டியை எடுத்தாள்

எர்மெலிந்தாவுக்கு அறுபத்திரண்டு வயது. இந்தப் பதினான்கு மாதத்தில் மெக்சிகோவில் பாதியைத் தன் பழைய வேனிலேயே சுற்றிவிட்டாள். பெட்ரோல் பங்க் ஓரத்தில் படுக்கிறாள், வண்டிக்குள்ளேயே சமைக்கிறாள். ஓஹாகா மலைப்பாதையில் சோதனைச்சாவடிச் சிப்பாய் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, "கூட யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டானாம். "நான் வர்றேனே, போதாதா?" என்றாளாம். ஃபோனில் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வரும், கூடவே வெட்கமும் வரும். அவளைப் போகவிடாமல் கட்டிப்போட்டவர்களில் நானும் ஒருவன். பேச்சுக்குச் சொல்லவில்லை, கயிற்றால்தான் கட்டினேன்.

என் பெயர் சிரோ. புவேப்ளா நகரத்தில் ஒரு தெருமுனையில் இருபத்தாறு வருஷம் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, ஷேர் வேன்களுக்கு நேரம் சொன்னவன். "முன்னாடி வண்டி போய் நாலு நிமிஷம்! மிதி, மிதி!" என்று கத்துவதுதான் என் வேலை. எர்மெலிந்தா அந்த வேன்களில் ஒன்றை ஓட்டினாள். சந்தையிலிருந்து மில் வரைக்கும், மில்லிலிருந்து சந்தை வரைக்கும், இருபத்தெட்டு வருஷம். "அடுப்படிக்கு இந்தப் பக்கம் வழி இல்லம்மா" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். "வழி தெரியலைன்னா என் பின்னாடியே வாடா" என்று சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போவாள்.

மகன் ரமிரோவுக்கு ஆறு வயதானபோது அவள் புருஷன் வேலை தேடி எல்லை தாண்டி வடக்கே போனான். போனவன் போனவன்தான். ரமிரோவுக்கு ஞானத்தகப்பன் நான். அந்த உறவில் அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொம்பாத்ரே.

ஓய்வு பெற்றதும் அந்த வேனையே வாங்கினாள். சீட்டையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு கட்டில் போட்டாள், அடுப்பு வைத்தாள், மஞ்சள் திரை தைத்து மாட்டினாள். நாட்டின் இரண்டு பக்கத்துக் கடலையும் பார்க்க வேண்டுமாம், அதற்குப் பிறகு எங்கே என்று அப்புறம் யோசிப்பாளாம். ரமிரோ என்னிடம் ஓடி வந்தான். "அம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றான். நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அப்போதுதான் ரமிரோ அந்த யோசனையைச் சொன்னான். கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்து விருந்து வைப்பது. எங்கள் தெருவில் கல்யாணமோ ஞானஸ்நானமோ எதுவானாலும் தார்ப்பாய் கட்டி நடுத்தெருவில் மேசை போடுவதுதான் வழக்கம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தார்ப்பாயின் ஒரு பக்கத்தை எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினோம். இன்னொரு பக்கத்தை அவள் வேனின் மேல்கம்பியில் கட்டினோம். வண்டி நகர்ந்தால் பந்தல் மொத்தமும் ஜனங்கள் தலையில் விழும். ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்பிள்ளை அப்படிச் செய்வாள்? முடிச்சைப் போட்டது நான். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தேன், மடையன்.

எண்பது பேர் மோலே குழம்பும் கோழியுமாக வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு எர்மெலிந்தா கைப்பையோடு வெளியே வந்து கயிற்றைப் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"யாரு வேலைடா இது?"

ரமிரோ எழுந்து வந்தான். "நாளைக்குப் போலாம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

"நாளைக்கும் ஏதாவது கட்டுவே."

"ரோட்ல ஏதாவது ஆச்சுன்னா? செத்துக் கிடந்தா அங்க உன்னை யாருக்குத் தெரியும்?"

"இங்க மட்டும் தெரியுமா? இருபத்தெட்டு வருஷமா எல்லாரும் என் முதுகைத்தான் பாத்திருக்காங்க."

அவன் வேன் கதவருகே போய் நின்றான். "அப்பாவும் இப்படித்தான் போனாரு."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். எர்மெலிந்தா மகனின் கன்னத்தைத் தொட்டாள், ஆனால் குரலை இறக்கவில்லை. "உங்கப்பன் சொல்லாம ஓடுனான். நான் ஊரைக் கூட்டி வச்சு, பட்டப்பகல்ல, சொல்லிட்டுப் போறேன். அவன் செஞ்சதுக்கு என்னை வீட்ல உக்கார வைக்காதே. அதுக்கும் சேத்து ஏற்கெனவே உழைச்சு முடிச்சுட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கொம்பாத்ரே, இந்த முடிச்சு உங்களோடது. ரெண்டு சுத்து கூடுதலா போட்டிருக்கீங்க. நீங்களே அவிழுங்க. இல்லைன்னா அறுத்துக்கிட்டுப் போவேன்."

ரமிரோ என்னைப் பார்த்தான். எண்பது பேரும் பார்த்தார்கள். அவளை அவசரப்படுத்தியே சம்பளம் வாங்கினவன் நான், இப்போது நிற்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நாற்காலியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன்.

பந்தல் பொத்தென்று விழுந்தது. உள்ளே அலறலும் சிரிப்பும். "என் தட்டு! அடப்பாவி சிரோ!" என்று ஒரு கிழவர் கத்தினார். வெளியே நின்ற பெண்கள் யாரும் சொல்லாமலே நாற்காலிகளைத் தூக்கி வழி விட்டார்கள். வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. ரமிரோ குழம்பு அப்பிய சட்டையோடு தெரு நடுவில் அசையாமல் நின்றான்.

தெருமுனை வரைக்கும் போன வண்டி நின்றது. ரிவர்ஸில் எங்களை நோக்கித் திரும்பி வந்தது. ரமிரோவின் முகம் மலர்ந்துவிட்டது. மனசு மாறிவிட்டாள் என்று நானும்தான் நினைத்தேன்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "எல்லாரும் தின்னீங்க, எனக்கு யாரு கட்டிக் குடுத்தீங்க? ரமிரோ, தொடைக்கறியா பாத்துப் போடு."

வாசற்படியில் தப்பித்து நின்ற அண்டாவிலிருந்து அவன் அள்ளிப் போட்டான். சோள ரொட்டியைத் துணியில் சுற்றினான். கண்ணீர் பாத்திரத்துக்குள்ளேயே சொட்டியது. ஜன்னல் வழியாக நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "அழுதுக்கிட்டுக் குடுக்காதே. செத்தவளுக்காடா சோறு கட்டறே? உயிரோட போறவளுக்குடா."

அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் அண்டாவுக்குப் போய் இன்னும் இரண்டு துண்டு வைத்துக்கொண்டு வந்தான்.