ஸ்பாஸ்கா தப்பாக அறுத்த பதினோரு கற்கள்

பல்கேரியாவின் சோஃபியாவில் எங்கள் நிலவியல் துறையின் அடித்தளத்தில் கல் அறுப்பவர் ஸ்பாஸ்கா அக்கா. கல்லை வில்லையாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்துத் தருவார். அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நாங்கள் பெரிய பெரிய கட்டுரை எழுதுவோம். அம்புக்குறி போடாத கல்லைக் கொண்டுபோனால் வாசலிலேயே விரட்டிவிடுவார்.

"எந்தப் பக்கமா அறுக்கணும்னு கல்லு வந்து எங்கிட்ட சொல்லுமா?"

அவருக்கு வாய் நீளம். எனக்கும் அப்படித்தான், அதனால் ஒத்துப்போனது.

நான் ஆராய்ந்தது ரொடோபி மலையின் கிரானைட்டை. பூமிக்கடியில் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில், அது உருகாமல் கல்லாகவே இருந்துகொண்டு, சூட்டில் இளகி, லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல வழிந்தது என்பது என் வாதம். வழிந்திருந்தால் அதிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் நீண்டிருக்க வேண்டும். ஆனால் அக்கா அறுத்துத் தந்த பதினோரு வில்லைகளிலும் மணிகள் உருண்டையாகவே இருந்தன.

என் வழிகாட்டி பேராசிரியர் கலோயானவ் உதட்டைப் பிதுக்கினார். "நெவேனா, இந்தக் கல்லு எங்கயும் நகரலை. வேற தலைப்பு பாரும்மா."

நான்கு வருட உழைப்பு. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

மூன்றாம் நாள் ஸ்பாஸ்கா அக்கா மாடியேறி வந்தார். பேராசிரியரின் மேசையில் ஒரு புது வில்லையை வைத்தார்.

"தப்பு என்னோடது சார். ஒரே சேறா இருக்கேன்னு பதினோரு கல்லையும் தொட்டியில ஊறப் போட்டேன். அம்புக்குறி அழிஞ்சிருச்சு. இவகிட்ட கேக்காம, கண்ணால பாத்து நானே போட்டேன். மிச்சத் துண்டை இப்ப நனைச்சுப் பாத்தா, கல்லுக்குள்ள இருக்கற கோடு நான் போட்ட அம்புக்கு வேற பக்கமா ஓடுது. அடுக்கின விறகை முனையிலேர்ந்து பாத்தா வட்டமாத்தானே தெரியும்? நான் முனையை அறுத்துக் குடுத்திருக்கேன்."

பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர வெகு நேரம் ஆயிற்று.

"வழிஞ்சு ஓடியிருக்கு," என்றார்.

நானும் பார்த்தேன். குவார்ட்ஸ் நாடா நாடாவாக நீண்டு, வளையாத கெட்டி மணிகளைச் சுற்றி ஒதுங்கிப் போயிருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

"சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேக்கா?"

"நீ அழுதது குழாய் வழியா கீழ வரைக்கும் கேட்டுச்சுடி. என் மெஷினே தேவலை."

பதினோரு கற்களையும் திரும்ப அறுத்துத் தந்தார். ஆய்வேட்டில் அவருக்கு அரைப்பக்கம் நன்றி எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். பேனாவை வாங்கி, கோடு போட்டு அதை அடித்துவிட்டார்.

"இந்தப் புகழ்ச்சியெல்லாம் யாருக்கு வேணும்? பழைய வில்லை பதினொண்ணும் தப்பு, அறுத்தது ஸ்பாஸ்கானு போடு. இல்லேன்னா நாளைக்கு எவனாவது அதை எடுத்துப் பாத்துட்டு, இந்தக் கல்லு நகரவே இல்லைன்னு எழுதிடுவான்."

போட்டேன், நாற்பத்திரண்டாம் பக்கத்தில். அவர் பேச்சைக் கேட்காமல் நன்றியையும் அப்படியே வைத்தேன். இன்று என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதுகிறார்கள். தன் பெயரைத் தப்போடு சேர்த்து அச்சில் போடச் சொன்ன ஒருவர் எனக்கு வாங்கித் தந்தது அது.