பேனாக்கள் மட்டும் வந்த பரீட்சை ஜெபம்

"என்ட்ரன்ஸ் முடியற வரைக்கும் சர்ச்சுக்கு வரலைன்னாலும் கர்த்தர் பொறுத்துக்குவார்னு மம்மி சொல்றாங்க. இத்தனை நாள் நான் இல்லாம அவருக்கு சரியாத்தானே இருந்துச்சு சேச்சி. அப்புறம் மட்டும் நான் எதுக்கு?"

பிளஸ் டூ படித்த ஜெனி என்னிடம் கேட்ட கேள்வி இது. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். பதில் கிடைத்த பிறகுதான் சாட்சி சொல்ல வேண்டும் என்றால் நான் வாயே திறக்க முடியாது.

திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு சிறிய தமிழ்ச் சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறவள் நான். வேறு யாரும் முன்வராததால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற சுபாவம் எனக்கு. என் மகள் ஹெப்சி யு.கே.ஜி. படிக்கிறாள்.

கூட்டம் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நடக்கும். பிள்ளைகளுக்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காலை முதல் மாலை வரை கோச்சிங். நானும் ஹெப்சியும் மட்டும் உட்கார்ந்து பாடி, ஜெபித்து, கதவைப் பூட்டிக்கொண்டு வந்த ஞாயிறுகள் உண்டு. கிட்டார் வாங்கினோம். வாட்ஸ்அப்பில் வினாடிவினா வைத்தேன். கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது. கல்லாற்றுக்குப் போவதாக இருந்த முகாமும் பெயர் கொடுக்க ஆளில்லாமல் நின்றுபோனது.

ஜனவரியில் கமிட்டிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார்.

"குட்டிகளுக்கு நேரமில்ல மோளே. உன்னைக் குத்தம் சொல்லல. பரீட்சை ஜெபத்தோட இதை நிறுத்திரலாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் கையில் வந்துதானா இது சாக வேண்டும் என்று அழுதேன். அன்று என் ஜெபம் பணிவாக இல்லை. "அவர்கள் உமக்கு வேண்டும் என்றால் நீரே கொண்டுவாரும். எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது" என்றேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு பரீட்சை ஜெபம் வந்தது. பிள்ளைகள் தங்கள் பேனாவைக் காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டு முன்னால் நிற்பார்கள். வாலிபர் கூட்டத்தின் பொறுப்பாளர் தட்டை ஏந்தி ஜெபித்துத் திருப்பிக் கொடுப்பார். எங்கள் சபையின் பழைய வழக்கம் அது. இந்த முறை அம்மாமார்தான் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொரு பேனாவிலும் பெயர் எழுதிய சீட்டை ரப்பர் பேண்டால் சுற்றியிருந்தார்கள். தட்டு நிறைந்தது. முன்னால் ஒரு பிள்ளைகூட இல்லை.

"பிள்ளைங்க எங்கே?" என்றேன்.

"கிளாஸ் உண்டுன்னு தெரியாதா? நீ ஜெபி" என்றார் முன்வரிசையிலிருந்த சுஜா ஆன்ட்டி. ஜெனியின் அம்மா அவர்.

"பேனாவுக்கு என்னன்னு ஆன்ட்டி ஜெபிக்கறது? பயப்படாம எழுதுன்னா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. போதகர் ஐயாவைப் பார்த்து, "இதை அவங்க கையில குடுத்து, அங்கேயே ஜெபிக்கிறேன் ஐயா" என்றேன். அவர், "போயிட்டு வா" என்றார்.

பஸ்ஸில் போகும்போது தைரியம் இறங்கிவிட்டது. பெரியவர்களை அவமானப்படுத்திவிட்டேனோ, இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன் என்றெல்லாம் ஓடியது. பேனாக்களைப் போட்ட பையை ஹெப்சி மடியில் வைத்திருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகள் கோச்சிங் சென்டர் பக்கத்துச் சாயாக்கடையில் நின்றிருந்தார்கள்.

"சேச்சி, இது ஜெபிச்ச பேனாவா?"

"இல்ல. ஜெபிக்காத பேனா."

"அப்போ ஃபிசிக்ஸ் தீர்ந்தது" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். பைக்குகள் உரசிப் போகிற அந்தச் சந்தில், கையில் பரோட்டாவோடு, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தோம். யாரும் வாட்ச்சைப் பார்க்கவில்லை.

கடைசியில் பையில் ஒரு பேனா மிஞ்சியது. ஜெனியுடையது. பிள்ளைகளில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"அவ கிளாஸுக்கு வர்றதில்ல சேச்சி. கொஞ்ச நாளாவே. பஸ் ஸ்டாண்டுல இருப்பா. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

பஸ் ஸ்டாண்டின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. புத்தகம் எதுவும் தெரியவில்லை. மாற்றுடை தெரிந்தது.

"எங்க போற?"

"எந்த பஸ்னு இன்னும் முடிவு பண்ணல."

அப்புறம்தான் நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள். பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஹெப்சி அதைப் பிடுங்கி அவளிடம் கொடுத்து, "எனக்கு வாட்ச் வரஞ்சு தா" என்று கையை நீட்டினாள். ஜெனி மூடியைக் கழற்றினாள். சின்ன மணிக்கட்டில் வட்டம் போட்டு, எண்களை எழுதினாள். முள் வரைகிறபோது அழுதுவிட்டாள்.

நாங்கள் மூவரும் அவள் வீட்டுக்குப் போனோம். கதவு திறந்ததும், "முதல்ல சோறு போடுங்க ஆன்ட்டி. கேள்வியெல்லாம் பிறகு" என்றேன். சுஜா ஆன்ட்டி அந்தப் பையைப் பார்த்தார். உள்ளே போய்த் தட்டு எடுத்தார்.

நான் கேட்ட ஜெபம், பிள்ளைகள் வர வேண்டும் என்பது. அவர்கள் எல்லோரும் அன்று பரீட்சை ஜெபத்துக்கு வந்திருந்தால், நான் தம்பானூருக்குப் போயிருக்க மாட்டேன். கர்த்தர் அவர்களைக் கொண்டுவரவில்லை, என்னை அனுப்பினார். இதைத்தான் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று சொல்கிறேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் சாயாக்கடைதான் எங்கள் கூட்டம். செயலாளர் கேட்டார், "வாலிபர் கூட்டம் சாயாக்கடையிலயா நடக்குது?"

"ஆமா அங்கிள். குட்டிகள் அங்கதான் இருக்காங்க. நீங்களும் வாங்க."

ஒரு ஞாயிறு வந்தார். சாயாவோடு பழம்பொரி தின்றார். நிறுத்துவதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

ஜெனிக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. "இதையும் சாட்சியிலே சொல்லணுமா?" என்று சிலர் கேட்டார்கள். சொல்லுவேன். சீட் கிடைத்தால்தான் ஸ்தோத்திரம் என்று யார் சொன்னது? அவள் வீட்டில் இருக்கிறாள், சிரிக்கிறாள், டிகிரி படிக்கிறாள். அதற்கு நான் ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறேன். ஹெப்சியை ஞாயிறு அபாகஸ் வகுப்பில் சேர்க்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். சரியா தப்பா என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனாலும் முடியாது.

பிள்ளைகளுக்கு நேரமில்லை என்று கதவைப் பூட்டப்போகிறவர்களே, பூட்டாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டதா? அதையே அவரிடம் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். இந்த வருடம் பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஞாயிறு கோச்சிங் ஆன்லைனில் நடக்கிறது. சாயாக்கடை இல்லை, இடைவேளை இல்லை. ஒவ்வொருவரும் ஒரு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்தக் கதவை எப்படித் தட்டுவது? தட்டி, அது திறந்து, ஜெனி கேட்டதையே இன்னொரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.