புகை ஏறாத கூரை

கொழும்பில் கடை வேலை உறுதியானதும், இரணியலில் இருந்த என் ஓலை வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். பக்கத்து வீட்டுத் தங்கம்மை வாசலுக்கு வந்தாள்.

"சாவியத் தந்துட்டு போங்க அண்ணே. தெனமும் ஒருநேரம் உங்க அடுப்புல நான் தீ மூட்டுதேன். பொக ஏறாத கூரைய செதலு தின்னுரும்."

அடுப்பு மூட்ட வருகிறவள் அங்கேயே குடியேறிவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். "சாவி எங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

மூன்று வருடம் கழித்து வந்தேன். கறையான் அரித்த கூரை விழுந்து, மழையில் மண்சுவரும் கரைந்து போயிருந்தது. தங்கம்மை தன் வீட்டுக்குள் அழைத்துப் போனாள். அங்கே சுவரோரம் என் வீட்டுக் கதவு, நிலையோடு சாய்ந்து நின்றது.

"இதத்தான் நனையாம எடுக்க முடிஞ்சது அண்ணே."

பூட்டு அப்படியே தொங்கியது. யாருக்குப் பயந்து சாவியைத் தராமல் போனேனோ, அவள் வீட்டில்தான் பூட்டு பத்திரமாக இருந்தது.