கறுப்புக் காரின் வட்டக் கீறல்கள்

எழுபதுகளின் நடுவில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் துரையின் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. மேனேஜர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எங்களுக்குத் துரைதான். கார் கறுப்பு அம்பாசடர். கறுப்புக் காரை வைத்துக்கொண்டு மலையில் மாரடிப்பது என்ன என்று அதைத் தினம் துடைத்தவனைக் கேட்க வேண்டும். ஒரு தூசியைக்கூட மறைக்காத நிறம்.

என் மனைவி துரையின் பங்களாவில் வேலை பார்த்தாள். பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, பெருக்குவது. அவளுக்கு இளைப்பு உண்டு. மழையில் நனைந்து கொழுந்து பறித்தால் நாலைந்து நாளில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அதனால்தான் கெஞ்சிக் கூத்தாடி அவளைப் பங்களாவில் சேர்த்திருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜை அன்று ஃபாக்டரி மெஷின், லாரி, செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி என்று எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை போடுவோம். காருக்கு அவள்தான் போட்டாள். நாங்கள் குடியிருந்த லயத்துக் கோயில் விபூதி. சாணி உருண்டையை உமியில் மூட்டம் போட்டுச் சுட்டு, ஏனோதானோவென்று சலித்தது. அதைத் தண்ணீரில் குழைத்து பானட்டிலும் நான்கு கதவுகளிலும் மூன்று விரலால் இழுத்தாள். நடுவில் குங்குமம் வைத்தாள். "மலைப்பாதையிலே ஒண்ணும் ஆகாம ஓடணும், சாமி" என்று கும்பிட்டாள்.

மறுநாள் விடியுமுன் துரை கோட்டயம் கிளம்ப வேண்டும். அதற்குள் பட்டையை எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் விபூதித் தண்ணீர் ஷெட் வாசலில் ஓடும், வருகிறவன் போகிறவன் எல்லாம் மிதிப்பான். விபூதி காலில் படக்கூடாது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். அதனால் காய்ந்த துணியை எடுத்து அழுத்தித் துடைத்தேன். துணியை ரோஜாச் செடி அடியில் உதறினேன். மறுபடி துடைத்தேன். பானட், கதவு, கையோடு கையாகப் பனி படிந்திருந்த கூரை. சாமி காரியத்தைச் சுத்தமாக முடித்த திருப்தியோடு வண்டியை எடுத்தேன். பெரிய சாமர்த்தியசாலி!

அன்று மூடுபனி. அதற்குப் பிறகு மழை. பத்து நாள் கழித்துத்தான் நல்ல வெயில் அடித்தது. துரை பங்களா வாசலில் நின்று காரைப் பார்த்தார். பானட் முழுக்க மெல்லிசு மெல்லிசாகக் கீறல், கோழி கிளறின மாதிரி.

"யார் பண்ணின வேலை இது?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "ஆயுத பூஜைக்கு எம் பொஞ்சாதி பட்டை போட்டா, தொரை" என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவள் பக்கத்தில்தான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். இனிமேல் அவளுக்குப் பங்களாவில் வேலை இல்லை, கொழுந்துக்குப் போகலாம் என்று சாயங்காலமே கணக்குப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார். நானும் என் பங்குக்குத் திட்டினேன். "ஒன் பக்தியிலே தீயை வைக்க. எம் பொழப்புலயும் சேத்து மண்ணள்ளிப் போடப் பாத்தியே" என்றேன். நான்கு நாள் மழையில் கொழுந்துக்குப் போனாள். ஐந்தாம் நாள் மூச்சு இழுத்தது. ஆறாம் நாள் அவள் அண்ணன் வந்து கம்பத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் பஸ் வரைக்கும் போகவில்லை. வண்டி கழுவ வேண்டியிருந்தது.

துரை என்னையும் சும்மா விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொச்சியிலிருந்து கம்பெனி பெரியவர்கள் வருகிறார்கள், அதற்குள் கார் பழையபடி ஆகவில்லை என்றால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வேன் என்றார். குமுளியில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். சிடுமூஞ்சி. ஒரு தகர டப்பாவில், கீறலைத் தேய்த்து எடுக்கிற ரப்பிங் காம்பவுண்ட் கொடுத்தார். வெள்ளையாக, பற்பசை மாதிரி, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு இருந்தது.

"ரொம்ப அழுத்தாதேயும், பெயிண்டே போயிரும்" என்றார். "ஓரத்துல தொடவே தொடாதேயும். முக்கியமா, வட்டம் போட்டுத் தேய்க்கப்படாது. முன்னேருந்து பின்னே நேராத் தேயும்."

"வட்டம் போட்டா என்ன?"

"துணி போன தடம் அப்படியே நிக்கும்வே. வெயில்ல வட்டம் வட்டமாத் தெரியும். டிரைவருங்கீரு, இதுகூடத் தெரியாதா?"

காரை ஷெட் நிழலில் நிறுத்திவிட்டு, ஒரு முழம் ஒரு முழமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். ஈரப் பனியன் துணியில் காம்பவுண்டைத் தொட்டு நேராகத் தேய்க்க வேண்டும். காய்வதற்குள் துடைக்க வேண்டும். தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். துணி கறுப்புக் கறுப்பாக வந்தது. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுற்றியிருக்கிற பெயிண்டையும் இறக்கினால்தான் கீறல் மறையும். மூன்று நாள் தேய்த்தேன். தோள்பட்டை மரத்துப்போனது. லயத்தில் உலை வைக்கவில்லை. கடையில் பன்னும் டீயும். அவள் வீட்டில் இல்லை என்பது உறைக்கவே இல்லை. மனசு என்று ஒன்று இருந்தால்தானே.

மூன்றாம் நாள் மத்தியானம் பானட்டும் கதவுகளும் முடிந்தன. கூரை பாக்கி. காரை வெயிலுக்குத் தள்ளி, பின்பக்கப் பம்பரில் ஏறி நின்று பார்த்தேன். கூரை முழுக்கக் கீறல். வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, என் கை சுற்றுகிற அகலத்துக்கு. கூரையில் அவள் பட்டை போடவில்லை. அவளுக்குக் கூரை எட்டாது.

அவள் விபூதியைப் பூசினாள், அவ்வளவுதான். உமிச் சாம்பலைக் காய்ந்த துணியில் வைத்து வண்டி முழுக்க அரைத்தவன் நான். ஏறி நின்றபடியே நின்றேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. இறங்கி, கூரையையும் நேராகத் தேய்த்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குமுளியிலிருந்து பஸ் பிடித்துக் கம்பத்துக்கு இறங்கினேன். அவள் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"அந்தக் கீறல் உன்னால வந்ததில்ல. நான் துடைச்சதுல வந்தது. கூரையிலயும் இருக்கு" என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க காஞ்ச துணியைப் போட்டு அரக்கு அரக்குன்னு அரக்குனதைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். தண்ணி ஊத்துங்கன்னு சொல்ல வந்தேன். அவசரத்துல எரிஞ்சு விழுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"தொரை கேட்டப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அதை நீங்கள்ல சொல்லணும்."

கிளம்பு, போகலாம் என்றேன்.

"வாரேன்" என்றாள். "கொழுந்துக்குப் போகச் சொன்னாலும் போறேன். மூச்சு வாங்குனா வாங்கிட்டுப் போகுது. ஆனா நீங்க மொதல்ல தொரைகிட்டப் போயி, இது எம் பொஞ்சாதி செஞ்சதில்ல, நான் செஞ்சதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு ஒரு கடுதாசி போடுங்க. மறுநா பஸ்ஸுக்கு வந்துர்றேன்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மொச்சைக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். பஸ்ஸில் வழி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கஷ்டமாகவே இல்லை.

திங்கட்கிழமை காலை மெழுகுப் பாலிஷும் போட்டுக் காரைப் பங்களா வாசலில் நிறுத்தினேன். துரை ஒரு சுற்று வந்தார். பானட்டில் குனிந்து தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். "பலே!" என்றார். "புது வண்டி தோத்துது. நான் இருக்கிற வரைக்கும் நீதான் டிரைவர்." அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஏறப் போனவர் நின்று, "இனிமே பொம்பளைங்களை வண்டிகிட்ட விடாதே" என்றார்.

வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. துரை காத்திருந்தார்.

"சரிங்க தொரை" என்றேன். கதவைத் திறந்துவிட்டேன்.

அந்த வாரம் கடிதம் போடவில்லை. அடுத்த வாரமும் போடவில்லை. அவள் கேட்டு எழுதவும் இல்லை. பொங்கல் கழிந்து அவள் அண்ணன் அவளுடைய தகரப் பெட்டியை எடுத்துப்போக வந்தான். தலையில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றவனைத் தடுத்து, துரையிடம் அனுமதி வாங்கி, பெட்டியைக் காரில் ஏற்றிக் குமுளி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டேன். அதைக் கேட்க மட்டும் எனக்கு வாய் வந்தது. பெட்டியை இறக்கிய பிறகு காரை ஒரு தடவை முன்னும் பின்னும் பார்த்தான்.

"வண்டியை நல்லா வச்சிருக்கீங்க, மாப்ளை" என்றான்.