கழற்றி மாட்டிய வளையல்

மகளுக்கு ஒன்றரை வயது. பிறக்கும்போதே வலக்கண்ணில் வெள்ளையாகப் புரை இருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள், கண்ணாடியும் போட்டார்கள். ஆனாலும் அந்தக் கண் பார்க்கப் பழகவில்லை.

"வயித்துக்குள்ள இருட்டுல இருக்கும்போதே கண் நரம்பு தானா துடிக்கும்மா. மூளைக்கு வழி போட்டு வைக்கும். பொறந்தப்புறம் வெளிச்சம் அந்த வழியில நடக்கணும். இந்தக் கண்ணுல அது நடக்கல. நல்ல கண்ணை மூடினாத்தான் மூளை இதைத் தேடும். வயசு போயிட்டா வழி அடைஞ்சிடும்" என்றார் கண் டாக்டரம்மா.

என் படிப்பு எட்டாவதோடு சரி. இருட்டில் அந்த நரம்பைத் துடிக்க வைத்தவள் அம்மன் என்று மட்டும் புரிந்தது. மிச்சம் என் கையில்.

கொருக்குப்பேட்டையில் எங்களுக்கு ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளியே விட்டால் தெருப் பிள்ளைகள் கண்ணை மூடிய பிளாஸ்திரியைப் பிய்த்துவிடும். அதனால் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனதும் அதை நல்ல கண்ணில் ஒட்டி, கதவைத் தாழிட்டு உட்காருவோம். அவள் அழுவாள். பின்னால் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போகும்போது தாழ்ப்பாள் ஆடும். தானாகத் திறந்துகொள்ளாதா என்றிருக்கும்.

அழுதுகொண்டே நேராக என்னிடம் வந்துவிடுவாள். கண் தெரிகிறது என்று பூரித்திருந்தேன். ஒருநாள் மாவுக்கையோடு அசையாமல் நின்றேன். துழாவியபடி என்னைத் தாண்டிப் போனாள். அத்தனை நாளும் வளையல் சத்தத்தைப் பிடித்துத்தான் வந்திருக்கிறாள்.

ஆடிப்பூரத்தில் அம்மனுக்குச் சாத்தித் தந்த சிவப்புக் கண்ணாடி வளையல். மனசு கேட்கவில்லை. ஆனாலும் கழற்றி, அம்மன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் பிடித்துக்கொண்டாள். "இன்னாமே, புருஷன் குத்துக்கல்லாட்டம் கீறப்போ கைய மொட்டையா வச்சிகினு கீற? அதுவும் வெள்ளிக்கெயமையில!"

"சத்தம் வந்தா காதாலதான் பாக்குதுக்கா."

"நல்ல கண்ண மூடிகினு, நொள்ளக் கண்ண தொறந்து வுடுற. உன் வூட்ல எல்லாமே தலகீழா கீது!"

ஜன்னலையும் சாத்தினேன். இன்னும் புழுங்கியது. பேசவும் பயம், குரலைப் பிடித்து வந்துவிடுவாளே! "ம்மா" என்று அவள் தேடும்போது எதிரிலேயே வாயைப் பொத்தி நின்றேன். தாயே என்பதைக்கூட மனசுக்குள்தான் சொன்னேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மதியம் அழுகை நின்றது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். வந்து என் மணிக்கட்டைத் தடவினாள். பிறகு அண்ணாந்து, ஆணியைக் காட்டி, "வள" என்றாள். அப்போது ஆணியை அசைக்க ரயில் எதுவும் போகவில்லை. வளையல் சத்தமே போடவில்லை.

உடனே பிளாஸ்திரியை உரிக்கப் போனாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா ஒட்டி வைக்கச் சொன்ன நேரம் இன்னும் முடியவில்லை. வீறிட்டு அழுது ஓய்ந்து மடியில் சாய்ந்தாள். தூரத்தில் கூட்ஸ் வண்டி வரும் சத்தம் கேட்டது. இருவரும் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.