எந்த எலும்பை வைக்கலாம்

எனக்கு வாய் நீளம். ராமநாதபுரத்துக்குப் பல் மருத்துவராக வந்து பதினோரு வருடம் ஆகியும் அது குறையவில்லை. நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்று படிக்கும்போதே பிடித்த பைத்தியம்.

ஒருநாள் ஓர் அக்கா வந்தார், தங்கச்சிமடத்துப் பக்கம் கருவாடு விற்பவர். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் போய், செயற்கைப் பல்லைத் தாங்கும் இம்பிளாண்ட் திருகு நிற்க எலும்பு போதாமல் இருந்தது. மேல்தாடைக்கு மேலே சைனஸ் என்று ஒரு காற்றறை இருக்கிறது, அதன் சவ்வைத் தூக்கி அடியில் எலும்புத் தூள் நிரப்பினால்தான் பல் நிற்கும் என்றேன். பிறகு ஜவுளிக்கடைக்காரர் சேலை விரிப்பதுபோல வகைகளை விரித்தேன். உங்கள் தாடையிலிருந்தே எடுத்தால் நன்றாகச் சேரும், ஆனால் இன்னொரு புண். மாட்டெலும்புத் தூள் நெடுநாள் கரையாது. செயற்கைத் தூளும் உண்டு, எலும்பாக மாற நாளாகும். இறந்தவர்கள் தானம் தந்த எலும்பும் இருக்கிறது. கழுவிச் சுத்தம் செய்து, உலர்த்தி அனுப்புவார்கள்.

"செத்தவுக எலும்பு நம்ம எலும்போட ஒட்டுமா டாக்டரம்மா?"

"ஒட்டும்க்கா. கொஞ்சங் கொஞ்சமா உங்க எலும்பாவே ஆயிரும்."

யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மூன்று வாரம் கழித்து வந்தார். மாமியார் இறந்துவிட்டாராம். அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு, குடும்பத்துக்கு ஒரே குழிதான். அதையே மறுபடி தோண்டி, பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடக்கம் செய்வார்கள். ஆறு வருடத்துக்கு முன் கடலில் மின்னல் தாக்கி இறந்த அவருடைய ஒரே மகனும் அந்தக் குழியில்தான் இருந்தான்.

மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தார். விரல் நீளத்துக்கு ஓர் எலும்பு.

"யாருக்குந் தெரியாம எடுத்தேன். நீங்க சொன்னாப்புல நல்லாக் கழுவி, வெயில்ல காயவச்சுட்டேன். இதையே வச்சிருங்க டாக்டரம்மா. எங்கூடயே இருக்கட்டும்."

சோதித்துக் கிருமி நீக்கிய எலும்பைத்தான் வைக்க முடியும், இதை வைத்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவர் சண்டை போடவில்லை. துணியைப் பழையபடி முடிந்தார்.

"அப்ப இவன நான் இன்னொரு தடவை புதைக்கணுமா?" என்றார்.