பன்னிரண்டு மணிச் சங்கு

எங்கள் குன்றின் தீயணைப்புப் படைக்கு வெண்டலின் பத்தொன்பது வருடமாகத் தலைவர். சம்பளம் கிடையாது. ஒரு தலைக்கவசமும், பள்ளிக்கூடத்துக் கூரையில் இருக்கும் அபாயச் சங்கின் சாவியும்தான் அவருக்குக் கிடைத்தவை. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு, சங்கு வேலை செய்கிறதா என்று ஒருமுறை ஊதிப் பார்ப்பார். மூன்று முறை ஊதினால் தீ. இது தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் இந்த ஊர்ப் பெண்கள், நானும் சேர்த்துத்தான், அந்தச் சங்கைச் சமையல் கடிகாரமாக்கி வைத்திருந்தோம். தேவாலயக் கடிகாரம் எட்டு நிமிடம் பிந்தி ஓடும். அதை நம்பி யார் உலை வைப்பது? சங்கு ஊதியதும் உருளைக்கிழங்கு உருண்டைகளைக் கொதிநீரில் போடுவோம். இருபது நிமிடத்தில் சாப்பாடு.

வெண்டலினுக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல். சங்கு கேட்டால் ஓடிவர வேண்டும், இப்படியே பழகினால் ஒருநாள் யாரும் வரமாட்டீர்கள் என்று தொண்டை வறளச் சொல்வார். அந்த வியாழக்கிழமை ஊர்க்கூட்டத்திலும், சோதனையைத் திங்கட்கிழமை காலைக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். ஏழாவது வருடமாகக் கேட்கிறார். கூட்டம் நடந்த பீர்க்கடையின் சொந்தக்காரி ஹில்ட்ரூட் எழுந்தாள்.

"ஏம்ப்பா வெண்டலின், திங்கக்கிழமை காலையில எவ உருண்டை போடுவா?"

கூட்டம் சிரித்தது. கை தூக்கச் சொன்னார்கள். அவர் பக்கம் ஒரே கை, அதுவும் அவருடையது. பீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது. உருண்டைகளைப் போட்டேன். மறுபடி ஊதியது. மூன்றாவது முறையும் ஊதியது. என் கணவர் அல்ஃபோன்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். பாவி, நான்தான் அவரைத் தடுத்தேன்.

"உக்காருங்க. வியாழக்கிழமை தோத்தாருல்ல, அந்த வீம்புல ஊதுறாரு."

ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருத்தர் இதையே சொல்லியிருக்கிறார்.

சரிவுக்குக் கீழே, எங்கள் சன்னல்களுக்குத் தெரியாத இடத்தில், மாடுகளும் புல்லும் இருந்த வெண்டலினின் களஞ்சியம் எரிந்துகொண்டிருந்தது. மேலே ஓடிவந்து ஊதிவிட்டு, திரும்பக் கீழே ஓடியிருக்கிறார் மனுஷன். அவரும் மனைவியும் மட்டும் ஆறு பசுக்களை வெளியே இழுத்தார்கள். குளிர்காலத்துக்குச் சேர்த்த காய்ந்த புல் முழுக்கச் சாம்பல். புகை நாற்றம் மூக்கில் ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை விழுந்துவிட்டது.

ஊருக்குக் கல்நெஞ்சு என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஒரு வண்டி புல் கொடுத்தோம். புதுக் களஞ்சியத்துக்கு மரம் வெட்டினோம். சங்கு நேரத்தை மாற்றலாம் என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. என்ன ஜென்மங்களோ நாங்கள்!

அடுத்த சனிக்கிழமை சங்கு ஊதவில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. வெண்டலினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரே பதறிச் சரிவில் இறங்கி ஓடியது. என் கையில் கரண்டி. அவர் மேசையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் சங்கின் சாவி.

"மூணு தடவை ஊதினேன், ஒருத்தரும் வரல. இன்னைக்கு ஊதல, ஊரே வந்து நிக்குது."

ஹில்ட்ரூட்தான் மெல்லக் கேட்டாள்.

"அப்ப, பன்னண்டு ஆயிடுச்சா இல்லையா?"

வெண்டலின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு சூப்பைத் தொடர்ந்து குடித்தார்.